மிஞ்சிய ஒரு சொல்

சமயக் கல்லூரியில் அவருக்கு 'அப்படியில்லை வாத்தியார்' என்று பெயர். கடவுள் அப்பா மாதிரி என்று எந்த மாணவனாவது எழுதிவிட்டால் போச்சு, சிவப்பு மையால் ஒரு கோடு, ஓரத்தில் 'அப்படியில்லை'. நல்லவர் என்று எழுதினாலும் அதே கதிதான். நம்மைப் பற்றிப் பேசவே நம் பேச்சு போதவில்லை, கடவுளைப் பற்றிப் பேச அதற்கு என்ன யோக்கியதை என்பார். இதைச் சொல்வதற்கே முப்பது வருஷம் வாய் ஓயாமல் பேசினார் மனிதர். மார்க் போடுகிறவரிடம் போய் யார் அதைக் கேட்பது?

அந்த வாய்தான் பக்கவாதத்தில் போயிற்று. காது கேட்டது, புத்தியில் ஒரு குறையும் இல்லை. வாயைத் திறந்தால் மட்டும் 'சோப்பு' என்ற ஒன்றுதான் வந்தது. பசித்தாலும் சோப்பு, முதுகு அரித்தாலும் சோப்பு. எழுதிக் காட்டவும் கை வரவில்லை. எந்தச் சொல் மிஞ்சும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மனைவி போய்ச் சேர்ந்து நாளாயிற்று. வெளியூரில் வேலை பார்க்கும் ஒரே மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். முதலில் பாவம், குளியலறைக்கு ஓடிச் சோப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். பிறகு அவர் முகத்தையும் கண் போகும் பக்கத்தையும் பார்த்துப் பழகிக்கொண்டாள். அப்போதும் பாதி நேரம் தண்ணீர் கேட்டால் போர்வைதான் வரும்.

பிரார்த்தனையை மட்டும் அவர் விட்டுவிட்டார். மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் அங்கேயும் அந்தச் சிவப்புக் கோடு வந்து விழுந்தது. வாய்விட்டுச் சொல்லவோ, அப்பா என்ற சொல்லே தகாது என்று அடித்தவர், சோப்பு என்று எந்த முகத்தோடு போய் நிற்பது? மனைவி போனபோதுகூடப் பேசுவதற்குக் கடவுள் என்று அந்த ஒருவர் இருந்தார். இப்போது அதுவும் இல்லை.

லீவு முடிந்தது. மகள் பையோடு வந்து கட்டிலருகே நின்றாள்.

"உங்களப் பாத்துக்க நான் பேசி வெச்ச அந்தம்மா காலையில வந்துடுவாங்கப்பா. பக்கத்து வீட்டு அண்ணன் அப்பப்ப எட்டிப் பாக்கறேன்னார்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். போகாதே, பயமாக இருக்கிறது. ஆனாலும் போ, இருக்கிற வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் அம்மா இருந்திருந்தால் உன்னை இப்படி அலைய விட்டிருக்க மாட்டாள். இவ்வளவும் நெஞ்சில் முட்டி நின்றது.

"சோப்பு," என்றார்.

அவள் பையைக் கீழே வைத்தாள். "தெரியும்பா. எனக்கும் இங்கேயே இருக்கணும்னுதான் இருக்கு. ஆனா போய்த்தானே ஆகணும்."

அவர் தலையாட்டினார்.

"பயமா இருக்கா?"

மறுபடியும் ஆட்டினார். கண் நிறைந்துவிட்டது. அவள் தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

வீடு வெறிச்சென்று ஆயிற்று. அவர் படுத்தபடியே யோசித்தார். எல்லாம் அவளுக்குப் புரிந்தது என்று சொல்ல முடியாது, அம்மாவைப் பற்றிச் சொன்னது போய்ச் சேரவே இல்லை. ஆனால் அந்தக் கோணல் சொல் அவளிடம்தான் போயிற்று, தப்பாகவும் போகவில்லை. அவள் அவரை அறிந்தவள், அதனால் போயிற்று. அப்படியானால் அந்தப் பையன்கள் எழுதிய அப்பா? அளவு பொருந்தாததுதான், ஆனால் பொய் என்று அடிக்க இப்போது அவருக்கு மனம் வரவில்லை.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடவுளே, தனியாக இருக்கிறேன், நீங்களும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சோப்பு," என்றார்.

பதில் ஒன்றும் வரவில்லை. சற்று நேரம் பார்த்தார். பிறகு மகளிடம் சொன்னது போலவே இன்னொரு முறை சொன்னார்.