செவலைக் கன்றுக்கு இரண்டு நேர்ச்சை

ஒரே கன்றைப் புருஷன் ஒரு காரியத்துக்கும் பெண்சாதி வேறொரு காரியத்துக்கும் நேர்ந்துவிட்டால், அந்தோணியார் யார் பேச்சைக் கேட்பார்? இராயப்பன்பட்டிக் கோயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இந்த வம்பு கிளம்பியது.

அந்த ஊரில் நேர்ச்சை ரகசியமாகத் தங்காது. இன்னாருக்கு இன்னது வேண்டும், கிடைத்தால் இன்னது தருவார் என்று ஜெபமாலை முடிந்ததும் உபதேசியார் சத்தமாகச் சொல்வார். சபை முழுவதும் அதற்காக ஜெபிக்கும். பெண்கள் பக்கம் முன்வரிசையில் செபஸ்தியம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தாள். அவள் புருஷன் சந்தியாகு செவ்வாய்க்கிழமைகளில் கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான். ஊரறியச் சாமிக்குச் சொல்லிவிட்டால் பிறகு அவனால் மாற்ற முடியாது. கெட்டிக்காரி, அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"சந்தியாகு பெண்சாதி செபஸ்தியம்மாள். மேட்டுக்காட்டுக் கெணத்துல தண்ணி வந்தா, செவலைக் காளங்கன்னு," என்றார் உபதேசியார். ஜெபித்தார்கள். "அடுத்தது சந்தியாகு. பேரியாத்து அணை வேலைக்கு வண்டியோட சேத்துக்கிட்டா, செவலைக்..."

அதோடு நின்றுவிட்டார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் பார்த்தார்.

"உங்க வீட்ல செவலைக் கன்னு எத்தன கெடக்கு தாயி?"

"ஒண்ணுதான்," என்றாள் செபஸ்தியம்மாள்.

கோயில் என்றும் பாராமல் சனம் சிரித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். ஆண்கள் பக்கம் கடைசித் தூணுக்குப் பின்னால் சந்தியாகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனும் அவளுக்குத் தெரியாமல்தான் வந்திருக்கிறான்.

"மொதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க," என்றார் உபதேசியார். "பெறகு சாமிகிட்டக் கேப்போம்."

அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. வீட்டுக்குப் போகாமல் விறுவிறுவென்று மேட்டுக்காட்டுக்கு நடந்தாள். அவன் பின்னாலேயே வந்தான். அந்தக் காடுதான் அவர்களுடைய ஒரே சொத்து. கிணறு பாதியில் பாறை தட்டி, வெட்டியவர்கள் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்னும் ஒரு வருஷம் வானத்தை நம்பிக் கிடந்தால் காட்டை விற்றுவிட்டு ஊரார் வயலில் கூலிக்குத்தான் நிற்க வேண்டும்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொன்னீகளா?" என்று கேட்டாள்.

"நீ சொன்னியா?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்தாள்.

"சொன்னா நீ விடமாட்ட புள்ள. மலையில காய்ச்சல்ல ஆளுக சாகுறாகன்னு அழுவ."

"சாகுறாகதான? எனக்குப் பயமா இருக்காதா?"

"எனக்கு இங்கன இருக்கத்தான் பயமா இருக்கு. இந்தப் பாறையவே பாத்துக்கிட்டு எத்தன நாளைக்குக் கெடக்க? அணை கட்டி முடிச்சா ஆத்துல தண்ணி வருமாம்ல."

"வரும். பள்ளத்துல ஓடும். நம்ம மேட்டுக்கு ஏறி வருமா?"

அது அவனுக்கும் தெரிந்ததுதான். அவளுக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. அவன் கெட்ட எண்ணத்தில் ஒன்றும் செய்துவிடவில்லை. அவளைப் போலவே அவனும் வழி தேடியிருக்கிறான், அவ்வளவுதான்.

"அங்கன மலையில பாறைய எப்பிடிப் பொளக்குறாக?" என்றாள்.

"தொளை போட்டு, மருந்து கெட்டிச்சு, வெடி வைக்கிறாக."

சொல்லிவிட்டு அவன் கிணற்றைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

"போங்க," என்றாள். "வண்டிக் கூலிக்கு மட்டும் போகாதீக. வெடி வைக்கத் தெரிஞ்ச ஆளோட வாங்க. மழை எறங்குனா மலையில காய்ச்சல் கூடிரும். மொத இடி கேக்கையில நீங்க இங்கன இருக்கணும்."

"இருப்பேன். தண்ணி வந்தா கவலை பூட்டி எறைக்க மாடு வேணுமே? வண்டி மாடு ரெண்டும் மலையில ஓஞ்சுபோகும்."

"செவலையை நான் பழக்குறேன். அதான் நேர்ச்சைய மாத்திச் சொல்வோம். தண்ணி வந்து மொத வெள்ளாம வீடு சேந்ததும் கன்னு அவருக்கு."

"சாமிகிட்டயே பேரமா?"

"குடியானவன் பாடு அவருக்குத் தெரியும்," என்றாள்.

அடுத்த செவ்வாய் உபதேசியார் ஒரே ஒரு நேர்ச்சையைச் சொன்னார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மாசியில் சந்தியாகு வண்டி கட்டிக்கொண்டு மலை ஏறினான். செபஸ்தியம்மாள் கன்றின் கழுத்தில் கட்டையைக் கட்டிக் காட்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். பொம்பளை மாடு பழக்குகிறாள் என்று ஊர் வேடிக்கை பார்த்தது. கன்று முதலில் அவளை வரப்பில் தள்ளியது. போகப் போக அவள் சொன்ன பக்கம் திரும்பியது.

வைகாசிக் கடைசியில் மேற்கே மலைமேல் முதல் இடி இடித்தது. அன்றைக்குப் பூரா அவளுக்கு வேலை ஓடவில்லை. சோற்றைப் பொங்கிவிட்டு உப்புப் போட மறந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் பாதையில் வண்டி தெரிந்தது. நுகத்தின் ஒரு பக்கம் காளை. மறுபக்கம் தோள்கொடுத்து இழுத்து வந்தவன் சந்தியாகு. வண்டியைப் பின்னாலிருந்து ஒரு புது ஆள் தள்ளிக்கொண்டு வந்தான்.

ஓடிப்போய் முதலில் புருஷன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது.

"காய்ச்சல் இல்ல," என்றான். "மயிலைக் காளைதான் மலைப்பாதையில உருண்டுருச்சு. காப்பாத்த முடியல புள்ள." சொல்லும்போதே குரல் உடைந்து அழுதான்.

அவளுக்கும் அழுகை வந்தது. கல்யாணத்துக்கு வந்த மாடு அது. ஆனாலும் அவன் தோளிலிருந்து நுகத்தை இறக்கி வைத்துவிட்டு மாட்டுக்கொட்டத்துக்குப் போனாள். செவலையைப் பிடித்து வந்து மயிலையின் இடத்தில் பூட்டினாள். அது அலட்டாமல் நின்றது.

"அடேயப்பா, பழக்கிட்டியே," என்றான் அவன்.

கூட வந்தவன் பெயர் சுருளி, வெடி வைப்பவன். அவன் துளைபோட்டு வெடிவைத்துப் பிளந்த பாறையைப் புருஷனும் பெண்சாதியும் கூடை கூடையாக அள்ளினார்கள். ஒருநாள் கல்லிடுக்கில் கசிவு தெரிந்தது. மறுநாள் முழங்கால் அளவு தண்ணீர். செவலை கவலை இழுக்க, மேட்டுக்காட்டில் கேழ்வரகு கதிர் பிடித்தது.

அறுப்பு முடிந்து தானியம் வீடு சேர்ந்த வாரமே கன்றைக் குளிப்பாட்டிக் கோயிலுக்கு ஓட்டினார்கள். கன்றாகவா இருந்தது, ஊரே கண்வைக்கும் காளை. உபதேசியாருக்கே மனசு கேட்கவில்லை.

"வேல செய்யிற மாடு தாயி. பதிலுக்கு ஒரு ஆட்டுக்கிடாய் குடுத்தாலும் சாமி கோவிச்சுக்க மாட்டாரு."

"சொன்னது சொன்னதுதான்," என்றாள்.

"எங்க ரெண்டு பேரு வாக்கும்," என்றான் சந்தியாகு.

வெறும் கயிற்றோடு திரும்பினார்கள். அவளுக்கு நெஞ்சு கனத்தது, சந்தோஷமாகவும் இருந்தது. குலுக்கையில் தானியம் இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, இன்னொரு கன்று பிடித்துப் பழக்க அவளுக்குக் கை இருக்கிறது. வழியில் அவன் மெதுவாகக் கேட்டான்.

"அடுத்து என்ன வேணும்னு கேக்கலாம்?"

அவள் மனதில் ஒன்று இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தால் அவனுக்குள்ளும் ஒன்று இருப்பது தெரிந்தது.

"இருங்க," என்று அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "மொதல்ல நீங்க சொல்லுங்க. பெறகு நான் சொல்றேன். செவ்வாக்கெழமைக்கு இன்னும் நாள் கெடக்கு."