கிரீனிச் போகிற படகு

தம்பி லெஸ்லி, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றபோது, அருள்நாயகி மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்க்கவில்லை. தம்பியின் முதுகைத்தான் பார்த்தாள். ஜாக்கெட்டின் பின்புறம் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"அக்கா, அங்கால திரும்பி நில்லுங்கோ. படம் எடுக்கிறன்."

"எனக்குப் படம் வேண்டாம். நீ முதல் எங்கயாவது இரு."

"பாலத்தில எங்க இருக்கிறது?" என்று சிரித்தான். உதடு வெளிறியிருந்தது.

சுற்றிலும் உலகத்துச் சனமெல்லாம் நின்றது. ஒரு சீனத்துப் பெண் கலியாண உடுப்போடு சுவரில் சாய்ந்து படம் எடுப்பித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு பஸ்கள் கடந்து போகும்போதெல்லாம் பாலம் மெல்ல அதிர்ந்தது. அந்த அதிர்வுகூட அருள்நாயகிக்குப் பிடிக்கவில்லை. தம்பியின் நெஞ்சுக்குள் இருக்கிற அந்தச் சாமானுக்கு எது ஆகும், எது ஆகாது என்று அவளுக்கு யார் சொல்லுவார்கள்?

வரும் வழியில்தான் அவன் அதைச் சொல்லியிருந்தான். மோர்டனில் ஏறிய சுரங்க ரயில், இரும்பை இரும்பால் அராவுகிற சத்தத்தோடு இருட்டுக்குள் பாய்ந்துகொண்டிருந்தபோது, அவள் காதுக்குக் கிட்டக் குனிந்து, நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னான். இதயத்தில் இருந்து கிளம்புகிற பெரிய குழாய் பலூன்போல வீங்கிப்போய் இருக்கிறதாம். வருகிற கிழமை ஒப்பரேசனாம். அதுவரைக்கும் பாரம் தூக்கக் கூடாது, ஓடக் கூடாது, கோபப்படக் கூடாது.

"வெடிச்சா?" என்று அவள் கேட்டாள்.

"வெடிச்சா அவ்வளவுதான். வெடிக்காமலும் இருக்கலாம்."

"உன்ர மனிசிக்குத் தெரியுமோ?"

"இல்லை. பெனிற்றா நேர்ஸ். தெரிஞ்சா என்னைக் கட்டிலோட கட்டிப்போட்டிடுவாள். ஒப்பரேசனுக்கு முதல் நாள் நானே சொல்லுவன். நீங்கள் வாய் திறக்கக் கூடாது."

அடுத்த ஸ்ரேசனிலேயே இறங்கித் திரும்புவோம் என்று அவள் எழும்பினாள். அவன் எழும்பவில்லை. "நீங்கள் போங்கோ அக்கா. நான் தனியப் பார்த்திட்டு வாறன்" என்றான். அவனைத் தனியே எங்கே விடுவது? மறுபடி உட்கார்ந்து கைப்பைக்குள் கையை விட்டுச் செபமாலையைப் பிடித்துக்கொண்டாள்.

தங்கள் ஊரான பேசாலையில் இருந்து விசிற் விசாவில் வந்தவள் அவள். இந்தக் கிழமைக் கடைசியில் திரும்பிப் போகவேண்டும். வந்த நாளில் இருந்து பார்த்ததெல்லாம் மோர்டன் வீடும், தமிழ்க் கடையும், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையும்தான். லெஸ்லிக்கு அது மனதை உறுத்தியிருக்கவேண்டும். ஆனால் அவளுக்காக மட்டும் அவன் வெளிக்கிடவில்லை என்பது அவளுக்கு இப்போது விளங்கியது.

"முப்பது வருசமா இந்த ஊரில இருக்கிறன். சிற்றிக்குள்ள வந்ததெல்லாம் வேலைக்கு. விடிய முதல் வந்து ஒஃபீசுகள் கூட்டித் துடைச்சுப்போட்டு, சனம் வர முதல் போயிடுவன். பார்க்கவெண்டு ஒருநாளும் வரேல்லை, அக்கா." பாலத்தில் நின்று எதிர்க்கரையில் சுழன்ற பெரிய ராட்டினச் சில்லைக் காட்டினான். "வாங்கோ, அதில ஏறுவம்."

"மாட்டன்."

"என்ன பயம்? ஆமை மாதிரித்தான் சுத்தும்."

"அந்தக் கூட்டுக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டா, மேல நிக்கேக்க உனக்கு ஏதும் ஆச்சுதெண்டா நான் யாரைக் கூப்பிடுறது?"

அவன் சில்லை ஒருக்கால் அண்ணாந்து பார்த்தான். பிறகு, சரி, விடுவம் என்றான்.

அவர்கள் நடந்தார்கள். கறுப்புக் குதிரையில் அசையாமல் இருந்த காவல்காரனைப் பார்க்கச் சனம் நெருக்கியது. கூட்டத்தில் யாராவது அவன் நெஞ்சில் இடித்துவிடுவார்களோ என்று அருள்நாயகி முன்னால் முன்னால் போனாள். இருக்கைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்து வைத்தாள். அம்புலன்ஸ் சத்தம் கேட்கிற பக்கமெல்லாம் திரும்பினாள். ஊரில் ஷெல் அடித்த காலத்திலும் அவள் பயந்திருக்கிறாள். அப்போது பங்கர் இருந்தது. சத்தம் கேட்டால் ஓடி இறங்க ஓர் இடம் இருந்தது. இன்றைக்கு அந்தப் பயம் கூடவே நடந்து வந்து, ஐஸ்கிறீம் வேண்டுமா அக்கா என்று கேட்டது.

வாங்கிக் கொடுத்தான். தானும் ஒன்று வாங்கித் தின்றான். சீனி வருத்தக்காரன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள் அவன் கோபப்படக் கூடாது என்பதை நினைத்துக்கொண்டு தன்னுடையதைத் தின்றாள்.

ட்ரஃபால்கர் சதுக்கத்தில் அந்தப் பெரிய வெண்கலச் சிங்கங்களைக் கண்டதும் அவன் முகம் சின்னப் பிள்ளையின் முகமாகிவிட்டது. போனை அவள் கையில் திணித்துவிட்டுக் கல்மேடையில் ஒரு முழங்காலைத் தூக்கி வைத்தான். கைகளை ஊன்றி உடம்பை மேலே இழுக்கப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது.

"இறங்கடா!"

சதுக்கமே திரும்பிப் பார்த்தது. புறாக்கள் எழும்பின. அவனுக்குக் கலியாணம் ஆன பிறகு அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. லெஸ்லி இறங்கி, மேடையில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினான்.

"எல்லாரும் பார்க்கினம், அக்கா."

"பார்க்கட்டும். வீட்ட போவம் தம்பி. மாதாவாணை, என்னால ஏலாது."

அவள் கையில் இருந்த போனை அவன் வாங்கிப் பையில் போட்டான். "இனி நடக்கிற வேலை இல்லை. படகில இருந்துகொண்டு போறம். கிரீனிச்சில இறங்கி நேர வீடு. சரியோ?"

ஆற்றங்கரைப் பூங்காவில் இருந்து, பெனிற்றா கட்டித் தந்த, மீன் அடைத்த பணிசைச் சாப்பிட்டார்கள். அவன் இரண்டு சாப்பிட்டான். பிறகு போனைத் திறக்கிற விதத்தைக் காட்டினான். பெனிற்றாவின் பெயர் எங்கே இருக்கிறது, அவசரமென்றால் எந்த நம்பரை அமத்துவது என்று அவளையே செய்யச் சொல்லிப் பார்த்தான்.

"என்னடா சொல்லுறது அவங்களுக்கு? எனக்கு இங்கிலீஸ் வருமே?"

"மை பிரதர், ஹார்ட். அது போதும்."

மை பிரதர், ஹார்ட். அருள் நிறைந்த மரியே சொல்லுகிற வேகத்தில் உதட்டுக்குள் அதைச் சொல்லிக்கொண்டே அவன் பின்னால் படகுத்துறைக்கு இறங்கினாள்.

படகின் பின்தளம் திறந்தபடி இருந்தது. நல்ல வெயில். இந்த ஊருக்கு இது பெரிய வெயில் என்று லெஸ்லி சொன்னான். அவளுக்குத் தோளில் சால்வை வேண்டியிருந்தது. பக்கத்து நீள வாங்கிலில் ஓர் இளம் பெண் தன் தாய் தகப்பனுக்குக் கட்டடங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தியத் தமிழ். அந்தக் குரல் காதில் விழுந்ததும் அருள்நாயகிக்கு ஒரு பிடி கிடைத்ததுபோல இருந்தது.

லெஸ்லி கையை நீட்டி நீட்டிக் காட்டினான். இந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் நான் வேலை செய்தனான். அந்தா, அந்த மூலை. அதில் ஒரு மாடி முழுக்க என்ர பொறுப்பு. பிறகு பேச்சுக் குறைந்தது. இரட்டைக் கோபுரப் பாலம் தலைக்கு மேலால் கடந்து போனபின், அவன் தலை மெல்லச் சரிந்து அவள் தோளில் விழுந்தது.

"தம்பி." "தம்பி! லெஸ்லி!" தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அவன் திடுக்கிட்டு எழும்பினான். "என்ன? என்ன அக்கா?"

"நீ... நான் நினைச்சன்..."

"நித்திரை, அக்கா. கொஞ்சம் கண் அயர விடமாட்டியளோ?" சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். அடக்க ஏலாத சிரிப்பு. அவளுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணீர் வரச் சிரித்தாள். பக்கத்து வாங்கில்காரரும் என்னவென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்து முடிந்தபோது, காலையில் இருந்து இறுக்கிப் பிடித்திருந்த கைப்பையை மடியில் இருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். சரி, நித்திரைதானே. நித்திரை கொள்ளட்டும்.

அவன் மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டான். அன்று முதல் தடவையாக அவள் ஆற்றைப் பார்த்தாள். தேத்தண்ணி நிறத்தில் அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. பழைய பண்டகசாலைகளின் மாடிகளில் பூச்சாடிகள் இருந்தன. ஒரு மாடியில் குளித்த தலையோடு நின்ற பெண் ஒருத்தி படகுக்குக் கை காட்டினாள். அருள்நாயகி வெட்கத்தோடு கையைத் தூக்கித் தானும் காட்டினாள். நட்டாற்றில் நின்ற கட்டை ஒன்றில் ஒரு நீர்க்காகம் இரண்டு செட்டைகளையும் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

"அங்க பார் தம்பி, என்ன வடிவாய் நிக்குது."

தோளில் இருந்த பாரம் மாறியிருந்தது. அவள் திரும்பாமலே அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. நீர்க்காகம் பின்னால் போய்ச் சின்னதாகும்வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். திரும்பினால்தான் அது நடந்ததாகும்.

பிறகு திரும்பினாள்.

மனப்பாடம் செய்த இங்கிலீசு எங்கே போனதோ தெரியாது. "ஐயோ, என்ர தம்பி" என்றுதான் வந்தது. இந்தியத் தமிழ்ப் பெண் பாய்ந்து வந்தாள். லக்ஷ்மிப்ரியா என்று பிறகு பெயர் சொன்னாள். படகுக்காரர்கள் இருவர் அவனைத் தளத்தில் கிடத்தி, நெஞ்சில் கைகளை அடுக்கி அமத்தினார்கள். ஐயோ, அங்கே அமத்தாதே என்று அருள்நாயகி கத்தினாள்.

"அம்மா, அவருக்கு ஏற்கனவே ஏதாவது ப்ராப்ளம் இருக்கான்னு கேக்கறாங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

வாய் திறக்கக் கூடாது என்று அவன் சொல்லியிருந்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

"நெஞ்சுக்குள்ள பெரிய குழாய் வீங்கியிருக்கெண்டு சொன்னவன். வெடிச்சா அவ்வளவுதானெண்டு சொன்னவன்."

லக்ஷ்மிப்ரியா அதை இங்கிலீசில் சொன்னாள். அமத்திக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து மற்றவனைப் பார்த்தான். ஆனால் கையை எடுக்கவில்லை. கிரீனிச் துறையில் அம்புலன்ஸ்காரர் ஏறி வரும்வரைக்கும் எடுக்கவில்லை.

அவர்களும் தங்களால் ஏலுமான எல்லாம் செய்தார்கள். பிறகு ஒருத்தி முழங்காலில் நின்றபடியே நேரத்தைப் பார்த்துச் சொன்னாள். அதற்கு லக்ஷ்மிப்ரியா மொழிபெயர்ப்புச் சொல்லவில்லை. அருள்நாயகியின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். போனில் பெனிற்றாவுக்குச் சொன்னதும் அவள்தான். அவனை அம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனபின்பும், பெனிற்றா வரும்வரைக்கும் தாய் தகப்பனையும் இருத்திவைத்துக்கொண்டு கூடவே இருந்தாள்.

துறைக்குப் பக்கத்து வாங்கிலில் இருந்தபோது அருள்நாயகிக்கு மறுபடி பயம் வந்தது. பெனிற்றாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? தெரிந்துகொண்டு ஏன் கூட்டிக்கொண்டு போனீர்கள் என்று கேட்டால்? ஒரு சொல்லு எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டால்? நாள் முழுக்கப் பட்ட பயம் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று தோன்றியது.

பெனிற்றா டாக்சியில் வந்து இறங்கினாள். வயோதிபர் இல்லத்தின் நீல உடுப்பு, கழுத்தில் அடையாள அட்டை. அழவில்லை. லக்ஷ்மிப்ரியாவிடம் நன்றி சொல்லி அனுப்பினாள். மகன் நிஷாந்த் யூனிவர்சிற்றியில் இருந்து கார் எடுத்துக்கொண்டு வருவதாகவும், வந்ததும் மூன்று பேரும் ஆசுப்பத்திரிக்குப் போகலாம் என்றும் சொன்னாள். பிறகு வாங்கிலில் பக்கத்தில் இருந்தாள்.

"என்ன சாப்பிட்டவர், மச்சாள்?"

"பணிஸ் ரெண்டு. ஒரு ஐஸ்கிறீம்."

"சீனி வருத்தத்தோட ஐஸ்கிறீமோ?" குரல் உயர்ந்தது. பிறகு அப்படியே அடங்கியது.

தண்ணீர் துறையின் மரக்கால்களில் அடித்துக்கொண்டிருந்தது. அருள்நாயகி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "பிள்ளை, நான் உனக்கு ஒண்டு..."

"எனக்குத் தெரியும்."

அருள்நாயகி நிமிர்ந்தாள்.

"குசினிக்குள்ள நிண்டு டொக்டரோட போனில கதைச்சவர். கேட்டுட்டன். அவரே சொல்லட்டுமெண்டு இருந்தன். இரவில அவரின்ர நெஞ்சில கை வைச்சுக்கொண்டுதான் கிடப்பன்." பெனிற்றா ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "காலமை நீங்கள் வெளிக்கிடேக்க, ஷிப்டை மாத்திப்போட்டு நானும் வாறன் எண்டு சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நான் வந்தா அவர் நோயாளியாயிடுவார், மச்சாள். அதான் பணிசைக் கட்டித் தந்துபோட்டு வேலைக்குப் போனன்."



அடுத்த படகு வந்தது. சனம் இறங்கியது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதில் ஒரு குடும்பம், தகப்பன், தாய், இரண்டு பெண்பிள்ளைகள். தொப்பி போட்ட அந்தத் தாய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நீல உடுப்பைக் கண்டு நம்பிக்கை வந்ததுபோல, நேரே பெனிற்றாவிடம் வந்து சிரித்தபடி போனை நீட்டினாள். படம் ஒன்று எடுத்துத் தரமுடியுமா என்று கேட்கிறாள் என்பது அருள்நாயகிக்கே விளங்கியது.

பெனிற்றா எழும்பினாள். போனை வாங்கினாள். நாலு பேரும் ஆறு பின்னால் தெரிய நெருங்கி நின்றார்கள். சின்னவளின் முகத்தில் வெயில் அடித்தது. பெனிற்றா கையால் சைகை காட்டி அவர்களை இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். இன்னும் கொஞ்சம். பின்பு போனை இரண்டு கைகளாலும் பிடித்து, ஆடாமல் நின்று, ஒன்று எடுத்தாள். சின்னவள் கண்ணை மூடிவிட்டாள் என்று, இன்னொன்றும் எடுத்தாள்.