குளத்தோடு கூடிய பங்கு

கீழ்வானில் எழுந்த இளங்கதிர் மேலைக் கடலினின்று தவழ்ந்து வந்த பனித்திரையை மெல்ல விலக்க, விலகிய இடந்தோறும் பசும்பட்டு விரித்தாற்போன்ற குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தலைகாட்ட, அவற்றின் அடிவாரத்தே எண்ணிறந்த ஊர்திகளைச் சுமந்த பெருஞ்சாலை வெள்ளம் பாயும் ஆறென இரைந்து கிடக்கும் கலிபோர்னிய நாட்டு டப்ளின் நகரின் இளவேனிற் காலையை, அறிவு சான்ற நண்பரே, ஒருமுறை அகக்கண்ணால் காண்பீராக. அச்சாலையின் ஆரவாரம் எட்டாத மேட்டில், முதிர்ந்து முறுக்கேறிய ஓக் மரங்கள் நிழல் பரப்ப, மானினம் அஞ்சாது மேய, நடுவே சிறு குளமொன்று வானத்தை ஏந்தி நிற்கும் பூங்காடு ஒன்று உண்டு.

நஞ்சப்பனும் பாலசுப்ரமணியனும் தாம் கூடித் தொடங்கிய கணிப்பொறி நிறுவனத்தின் பெயரால் அக்காட்டை வாங்கினர். பணிபுரிவோர் அனைவரும் தத்தம் மக்களோடு வந்து உலவட்டும், வேலி வேண்டா என்று வற்புறுத்தி அவ்வாறே அமைத்தவன் பாலசுப்ரமணியன். விடுமுறை நாள்களில் சிறுவர் குளக்கரையில் கூவியாடினர். பெரியோர் மரநிழலில் புளிச்சோறு பிரித்துப் பகிர்ந்துண்டனர்.

நிறுவனம் வளர வளர, அதனுள் இருவர் சொல் செல்வதை நஞ்சப்பனால் பொறுக்க இயலவில்லை. பாலு போட்டி நிறுவனத்தாரிடம் மறைவாகப் பேசித் தொழில்நுட்பத்தைக் கைமாற்றினான் என்று இயக்குநர் அவையில் குற்றம் சாட்டினான். அவர்களிடம் பேசி வருமாறு பாலுவை அனுப்பியவனே நஞ்சப்பன்தான். அதனை அறிந்தவன், அவ்வேளை உடனிருந்த சந்தானம் ஒருவனே. சென்னையில் பாலுவோடு ஒரே விடுதி அறையில் வாழ்ந்து, அவன் அழைப்பாலேயே இந்நாட்டில் கால்வைத்து அந்நிறுவனத்தில் பணியேற்றவன் சந்தானம். அவையோர் தன்னை நோக்கி வினவியபோது, மேசையைப் பார்த்தவாறே, "எனக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றான். பாலு நீக்கப்பட்டான். வேறொரு தளத்தில் காத்திருந்த அவன், சந்தானம் அவையில் இருந்ததையோ அச்சொல்லையோ அறியவில்லை.

முன்னாளில் ஆங்கில வேந்தர் தம் வேட்டைக் காடுகளைக் கூறுபோட்டு, அரியணைக்குத் துணைநின்ற அரண்மனைச் சுற்றத்தார்க்கு வழங்கியதையும், அங்கே ஆடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வாழ்ந்த எளியோர் வேலிக்கு அப்பால் நின்றதையும் நீவிர் படித்திருப்பீர். நஞ்சப்பனும் அவ்வழியே நடந்தான். பூங்காட்டைப் பகுத்து வேலியிட்டுத் தன்னைச் சார்ந்தோர்க்கு அளித்தான்.

"கொளத்தோட இருக்கற பக்கம் உங்களுக்குத்தானுங்க, சந்தானம். நீங்க எங்கூட நின்னத நான் மறக்க மாட்டனுங்க" என்றான்.

சந்தானம் அங்கே இல்லம் எழுப்பினான். செய்தியறியாத மனைவி ஜலஜா அகமகிழ்ந்தாள். அவனோ, கரையில் மேயும் மான் தலைநிமிர்ந்து நோக்கினும் கண்தாழ்த்தினான். பழக்கத்தால் வந்து, வேலியைக் கண்டு, ஏமாந்து திரும்பும் சிறுவரைப் பாராதிருக்கச் சாளரத் திரையை இழுத்து மூடினான்.

புதுமனை விழாவிற்கு வர இயலாத பாலுவை ஜலஜா பிறிதொரு நாள் அழைத்தாள். அவன் பழப்பையோடு வந்தான், வீட்டைப் பாராட்டினான், நிறுவனம் விற்ற நிலத்தை நண்பன் விலைகொடுத்து வாங்கினான் என்றே கருதியிருந்தான். பின்னர்க் குளக்கரையில் சந்தானத்தின் தோள்மேல் கைபோட்டு நின்றான்.

"அன்னைக்கு போர்டு மீட்டிங்ல நீ இல்லன்னு தெரியும்டா. இருந்திருந்தா விட்டிருக்க மாட்டே. டல்லஸ்ல ஒரு கம்பெனில ரெஃபரன்ஸ் கேக்கறாங்க. உன் பேரத்தான் குடுத்திருக்கேன்."

தோள்மேற் கிடந்த அந்தக் கை மலையெனக் கனத்தது. பொய்யை இன்னும் ஒருமுறை சொல்லிவிடலாம், நண்பனும் நம்புவான். அந்நம்பிக்கையே சந்தானத்தின் நெஞ்சைச் சுட்டது.

"நான் அங்கதான் இருந்தேன், பாலு. என்னைத்தான் கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னேன்."

பாலுவின் கை மெல்ல விலகியது. அவன் குளத்தையும் வீட்டையும் நோக்கினான்.

"இந்த எடம் அதுக்கா?"

சந்தானம் தலையசைத்தான். பாலு தன் ஊர்தியை நோக்கி நடந்தான். காப்பித் தட்டோடு பின்னே வந்து அனைத்தையும் கேட்டுநின்ற ஜலஜா, "இங்க எப்படிங்க நாம தூங்கறது?" என்று மட்டும் கேட்டாள்.

சந்தானம் நிலத்தை வீட்டோடு நஞ்சப்பனிடமே திருப்பித் தந்து பணியையும் துறந்தான். நஞ்சப்பன் வாதிடவில்லை, அப்பங்கை மற்றொருவனுக்கு உடனே வழங்கினான். வேலி நின்றவாறே நின்றது. இயக்குநர்க்குச் சந்தானம் உரைத்த உண்மையை எவரும் பொருட்படுத்தவில்லை. டல்லஸ் நிறுவனத்தாரோ அவன் சொல்லை ஏற்றுப் பாலுவைப் பணியில் அமர்த்தினர்.

ஃப்ரீமான்ட் நகரில் ஒரு வாடகை வீட்டில் குடியேறிய சந்தானம், பல நாள் தயங்கிப் பாலுவைத் தொலைபேசியில் அழைத்தான். பாலு சினக்கவில்லை. தெளிந்த குரலில், "வேலை நல்லா போகுதுங்க. ஜலஜா நல்லா இருக்காங்களா? நீங்க ஒடம்ப பாத்துக்கங்க" என்று நலம் உசாவி அழைப்பை முடித்தான்.

செய்யத்தக்கன யாவும் சந்தானம் செய்துவிட்டான். எனினும், இளமை தொட்டு ஒருமையில் அழைத்து உரிமையோடு ஏசிய நண்பன் ஒருவன் இனித் தனக்கு இல்லை என்பதை அந்தப் பணிவு நிறைந்த சொற்களால் உணர்ந்து, அடங்கிவிட்ட தொலைபேசியைக் கையில் ஏந்தியவாறே அவன் நின்றான்.