உருத்திரமூர்த்தியின் கொழுப்பு

அறுபத்தெட்டாவது வயதில் உருத்திரமூர்த்திக்கு நெஞ்சு குத்தியது. ஜெர்மனியில், நொய்கெல்னில் அவர் குடியிருந்த கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. அரிசி மூட்டையோடு நாலாம் மாடிக்கு ஏறும்போது குத்தியது.

"வாயுவாயிருக்கும்" என்றார் மனைவி குணேஸ்வரி. அந்த வீட்டில் எந்த வருத்தத்துக்கும் அவர் சொல்லும் முதல் காரணம் அதுதான்.

குடும்ப வைத்தியர் அப்படி நினைக்கவில்லை. இதய நிபுணரிடம் அனுப்பினார். ஐந்து வாரம் கழித்துத்தான் அவரைப் பார்க்க நேரம், ஜெர்மன்காரர் சொல்லும் டெர்மின், கிடைத்தது. அங்கே அவருடைய மார்பில் வயர்களை ஒட்டி, நகராத சைக்கிள் ஒன்றில் ஏற்றி மிதிக்க வைத்தார்கள். இரத்தமும் எடுத்தார்கள். கடைசியில் நிபுணர் படபடவென்று மூன்று வசனம் சொன்னார். உருத்திரமூர்த்தி மூன்றுக்கும் "யா, யா" என்றார். இருபது வருடம் உணவகச் சமையலறையில் கோப்பை கழுவியவருக்குச் சட்டியும் கரண்டியும்தான் ஜெர்மனில் விளங்கும்.

நாலு நாளில் முடிவுகள் தபாலில் வந்தன. விளக்கம் கேட்கலாமென்றால் குடும்ப வைத்தியர் இரண்டு கிழமை விடுமுறையில் போயிருந்தார். உருத்திரமூர்த்தி இரண்டு அகராதிகளை எடுத்துவைத்தார். ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு ஒன்று, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மற்றது. 'இதயம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'உன்னவுஃபெலிக்' என்று இருந்தது. அது இரண்டு அகராதிகளையும் தாண்டி 'கண்ணில் படாத' என்று வந்து நின்றது.

"இஞ்சேரும், என்ரை இதயம் கண்ணிலை படேல்லையாம்!"

"அது எனக்கு முப்பது வருசமாத் தெரியும்" என்றார் குணேஸ்வரி, வெங்காயம் நறுக்கியபடி.

சைக்கிள் பரிசோதனை 'நெகட்டிவ்' என்றிருந்தது. அதற்கு அகராதி தேவைப்படவில்லை. கடுதாசி முழுவதிலும் ஒரேயொரு இடத்தில், 182 என்ற எண்ணுக்குப் பக்கத்தில், பிளஸ் போட்டிருந்தார்கள்.

"இதிலை மட்டும் பாஸாகியிருக்கிறன்" என்றார்.

சாகப்போகிறோம் என்று தெரிந்தபின் அவருக்கு ஒரு துணிவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் தலைவர் குருமூர்த்தி நாற்பதாவது நிமிடமாகப் பேசிக்கொண்டிருந்தார். உருத்திரமூர்த்தி எழுந்தார்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. எனக்கு இனிக் காலமில்லை. பதினைஞ்சு வருசமா இதே பேச்சுத்தான். முருகனுக்கே பாடமாயிருக்கும்."

மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். குருமூர்த்தி முகம் கறுத்து உட்கார்ந்தார். பிறகு குணேஸ்வரி மூலம் விஷயம் பரவியதும் கோபத்தை விழுங்கிக்கொண்டு, திராட்சைப்பழத்தோடு வீட்டுக்கு வந்து, ஒரு பேச்சும் பேசாமல் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

வைத்தியர் திரும்பி வந்த முதல் நாளே கணவனும் மனைவியும் கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே வேலை செய்யும் தூத்துக்குடிக்கார நர்ஸ் பேர்பெச்சுவா, வைத்தியர் சொன்னதைத் தமிழில் சொன்னாள்.

"அங்கிள், நீங்க சாகப்போறீங்கன்னு யாரு சொன்னா? கண்ணில் படலைன்னா, குறை எதுவும் கண்ணில் படலைன்னு அர்த்தம். நெகட்டிவ்னா கோளாறு இல்லைன்னு அர்த்தம். மூட்டை தூக்கினதுல தசை பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். ஹார்ட் சூப்பரா இருக்கு."

"அப்ப இந்தப் பிளஸ்?"

"அதுதான் ப்ராப்ளம். கெட்ட கொழுப்பு அளவுக்கு மேல இருக்கு. தினமும் மாத்திரை போடணும்."

"கொழுப்பு இருக்கிறது கோயிலுக்கே தெரியும், பிள்ளை" என்றார் குணேஸ்வரி.

வெளியே வந்த உருத்திரமூர்த்திக்கு முதலில் துள்ள வேண்டும்போல் இருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் கோயில் மண்டபம் ஞாபகத்துக்கு வந்தது. இனி உயிரோடு இருந்து குருமூர்த்தியின் முகத்தில் விழிக்க வேண்டும்.

அன்று பின்னேரமே போய் மன்னிப்புக் கேட்டார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். குருமூர்த்தி எழுந்து போய் அலுமாரிக்குள்ளிருந்து ஒரு கடித உறையை எடுத்து வந்தார். அது உடைக்கப்படவில்லை.

"எனக்கும் நெஞ்சைச் சோதிச்சுப் பாத்தவங்கள். மூண்டு மாசமா வைச்சிருக்கிறன். என்ரை ஐயா நெஞ்சு வருத்தத்திலைதான் போனவர். உம்மடை துணிவு எனக்கில்லை."

"துணிவோ? பயத்திலை கத்தினனான், அண்ணை."

அடுத்தநாள் காலை இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். உறையைப் பிரித்த பேர்பெச்சுவா கடிதத்தோடு நேரே வைத்தியரிடம் போனாள். அந்தக் கிழமையே குருமூர்த்தியின் இதயக் குழாயில் அடைப்பு நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் பிந்தியிருந்தால் ஆபத்து என்றார்களாம்.

உருத்திரமூர்த்தி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, முதுகுப்பக்கம் திறந்த அங்கியோடு குருமூர்த்தி கட்டிலில் இருந்தார்.

"இந்தச் சட்டையைத் தைச்சவனுக்குத் துணி காணாமப் போச்சோ?" என்று குருமூர்த்தி கேட்டார். இருவரும் சிரித்த சத்தத்துக்குப் பக்கத்துக் கட்டில் ஜெர்மன்காரர் விழித்துக்கொண்டார்.