நாற்பதாம் பக்கத்துப் பாலம்

பதுளையில் அரசாங்கக் கந்தோரில் பதினெட்டு வருடம் கிளார்க்காகக் குந்தியிருந்த குமாரசிங்கம், அரசாங்கம் கட்டாயமாக்கிய சிங்களப் பரீட்சையை எழுத மாட்டேன் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் வேலையை உதறிவிட்டு, ஊவா மலைநாட்டைச் சுற்றிப் பார்க்க வருவோருக்கு வழிகாட்டிப் புத்தகம் எழுதினார். எழுதினார் என்றா சொன்னேன்? கந்தோர்க் கோப்புகளிலிருந்து எடுத்த குறிப்புகளை அழகான தமிழில் பிரதி பண்ணினார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் மனுசன். கோப்பில் ஒன்று இருந்தால் அது பூமியிலும் இருந்தே தீரும் என்பது அவருடைய வேதம்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஒருக்கால் போய்ப் பாத்திட்டு எழுதுங்கோவன்" என்று மனைவி ஞானேஸ்வரி தலைபாடாய் அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே!

புத்தகம் வந்த மறுநாள் காலை, பதுளைக் கடைத்தெருவில் இருந்த றவூப்பின் அச்சகத்துக்குப் போனார். றவூப்புக்கு வாயெல்லாம் பல்.

"ஐயா, மொதப் புத்தகம் வித்துப் போச்சு! பத்மநாதன் மாஸ்டர்னு, யாழ்ப்பாணத்து ஆள். பொஞ்சாதி, மகளோட நாப்பதாம் பக்கத்து நீர்வீழ்ச்சியப் பாக்க ஏழு மணி பஸ்ஸுலயே போய்ட்டாங்க."

குமாரசிங்கத்துக்கு உச்சி குளிர்ந்தது. அந்த நேரம் பார்த்து, தேயிலைத் தோட்டத்துத் தபால்காரர் பளனியாண்டி, அச்சடித்த தாள்கள் வாங்க, றவூப் சொன்னதைக் கேட்டபடியே உள்ளே வந்தார். அந்த நீர்வீழ்ச்சி அவருடைய தோட்டத்துக்கு மேலேதான் இருந்தது.

"எந்த வழியாங்க போறாங்க?"

"தொங்குபாலத்தாலைதான். வேறை என்ன வழி?"

"அய்யோ சாமி! பெரிய வெள்ளத்துல பாலம் அறுந்து நாலு வருசமாச்சுங்களே! இந்தப் பக்கம் மட்டும் பாதி தொங்குது. பனி எறங்கிட்டா அறுந்த எடமே தெரியாதுங்க. கீழ பூராவும் பாறை."

குமாரசிங்கம் ஒரு பிரதியை இழுத்து நாற்பதாம் பக்கத்தைப் பிரித்தார். 'பாலம் நல்ல நிலையில் உள்ளது' என்று ஐம்பத்தைந்தில் கோப்பில் எழுதியது அவரேதான். தன் கையெழுத்தைப் பார்த்துத் தானே கொப்பியடித்திருக்கிறார், படுபாவி!

றவூப் தன் பழைய காரை எடுக்க, குமாரசிங்கமும் பளனியாண்டியும் ஏறிக்கொண்டார்கள். பஸ்ஸில் போனவர்கள் இறங்கி நாலு மைல் நடக்க வேண்டும். தோட்டத்துப் பாதையால் காரில் போனால் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். பாதை முடிந்த இடத்தில் இறங்கித் தேயிலைக்குள்ளால் ஏறினார்கள். குமாரசிங்கம் இரண்டு தரம் சறுக்கி விழுந்தார். காற்சட்டை முழங்காலில் கிழிந்தது. பனி மலையை மூடிக்கொண்டு வந்தது. 'முருகா, அதுகள் களைச்சுப்போய் எங்கையாவது இருக்க வேணும்' என்று வாய்விட்டு அழுதார்.

"வேண்டாமப்பா, பலகை ஆடுது!" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

கரையில் நின்று கத்தியவள் மாஸ்டரின் மனைவி ஜெயமலர். பாலத்தில் பத்தடி தள்ளி, ஒரு கையில் மகளும் மறுகையில் புத்தகமுமாக மாஸ்டர். அவருக்கு முன்னால் வெறும் வெள்ளைப் பனி.

"நில்லுங்கோ! அங்காலை பாலம் இல்லை!" என்று குமாரசிங்கம் கத்தினார்.

மாஸ்டர் திரும்பினார். "ஆர் நீர்? புத்தகத்திலை நல்ல நிலை எண்டு கிடக்கு. அச்சிலை கிடக்கிறதைவிட உமக்குத் தெரியுமோ?" அவர் இன்னும் ஓரடி வைத்தார். இன்னொரு குமாரசிங்கம்!

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை போகும்.

"அதை எழுதின குமாரசிங்கம் நான்தான்! இந்தப் பாலத்தை நான் கண்ணாலை கண்டதே இல்லை!"

மாஸ்டரின் கால் அந்தரத்தில் நின்றது. பளனியாண்டி பலகைகளில் தவழ்ந்துபோய்ப் பிள்ளையை இழுத்துக்கொண்டார். பனி சற்று விலகியபோது, இரண்டு பலகைக்கு அப்பால் கம்பிகள் கீழே தொங்குவதை மாஸ்டர் கண்டார். நாலு காலில்தான் கரைக்கு வந்து சேர்ந்தார்.

ஜெயமலர் மகளைக் கட்டிக்கொண்டு குழறிக் குழறி அழுதாள். பிறகு எழும்பி, கணவரின் கக்கத்திலிருந்த புத்தகத்தை உருவி, குமாரசிங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதிலை எத்தினை இடம் நீங்கள் போய்ப் பாத்தனீங்கள்?"

குமாரசிங்கம் புத்தகத்தை வாங்கினார். நாற்பதாம் பக்கத்தைக் கிழித்தார். பிறகு அதற்கு முன்னால் இருந்ததை. பிறகு அடுத்ததை. கிழிக்கக் கிழிக்கத் தாள்கள் காலடியில் நனைந்தன. ஒருவரும் தடுக்கவில்லை.

மிஞ்சியது பதுளை றெயில் நிலையம், ஆஸ்பத்திரி, கடைத்தெரு என்று ஆறு தாள்கள். அட்டையை மூடி அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இவ்வளவுதான் தங்கச்சி, நான் எழுதினது."