யாரும் எடுக்கவில்லை

ஆறு மாதமாக எனக்கு ஒரே வேலைதான். தொற்று வார்டில் கிடப்பவர்களின் வீட்டுக்குப் போன் போட்டு நிலைமையைச் சொல்வது. உள்ளே யாரையும் விடுவதில்லை, அதனால் வெளியே தவிப்பவர்களுக்கு என் வாயிலிருந்து வருவதுதான் செய்தி. எடுத்தால் அழுவார்கள், திட்டுவார்கள், அது கூடப் பரவாயில்லை. எடுக்காதவர்கள் மேல்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பன்னிரண்டாம் கட்டில் தையற்காரர் வீடு அந்த ரகம். மூன்று நாளாக மணி அடிக்கிறது, ஒருவரும் எடுக்கவில்லை. பதிவேட்டிலும் அப்படியே எழுதினேன். "கட்டிக்கிட்டவ இருக்காளாம். கல்லு மனசு போல" என்று நர்ஸிடம் சொல்லவும் செய்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நான்காம் நாள் காலை பத்தரைக்கு அந்த நர்ஸ் வார்டிலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, தையற்காரருக்கு மூச்சு ரொம்ப மோசமாயிடுச்சு. கால் மணி நேரத்துல தொண்டையில குழாய் போடப் போறாங்க. அப்புறம் அவரால பேச முடியாது. கண்ணு முழிப்பாரான்னே தெரியல. அவர் சம்சாரத்த எப்படியாவது பிடிங்க."

போட்டேன். மணி அடித்தது. பக்கத்து அறையில்தான் நோயாளிகளின் பைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அங்கே எந்நேரமும் ஏதாவது ஒரு போன் அலறும், என் காது மரத்துப் போயிருந்தது. யாரும் எடுக்காததால் வைத்தேன். அங்கேயும் சத்தம் நின்றது. மறுபடி போட்டேன். அங்கேயும் மறுபடி அலறியது.

ரிசீவரை வைக்காமலே எழுந்தேன்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு என்று எழுதிய பையில், அளவு நாடாவுக்குக் கீழே ஒரு பழைய பட்டன் போன். சேர்க்கும்போது வீட்டு நம்பர் கேட்டிருப்பார்கள், மூச்சிரைப்பில் மனிதர் தன் நம்பரையே சொல்லியிருக்கிறார். மூன்று நாளாக நான் அவர் பைக்குப் போன் போட்டிருக்கிறேன். திரையில் 'வீடு' என்ற பெயரில் நாற்பத்தொரு மிஸ்டு கால்.

அதிலிருந்தே வீட்டுக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஏங்க, மூணு நாளா ஏங்க எடுக்கல? அன்னிக்கு ஏதோ கோவத்துல பேசிட்டேன். அதுக்காக இப்படியா? ஆஸ்பத்திரி வாசல்ல வந்து கேட்டா, நாங்களே போன் பண்ணுவோம் போன்னு துரத்துறாங்க."

"அம்மா, நான் ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன். வச்சிடாதீங்க. அவர்கிட்ட குடுக்கறேன்."

மூன்று மாடி. எப்படி ஏறினேனோ தெரியாது. கண்ணாடிக் கதவைத் தட்டினேன். நர்ஸ் கவச உடையோடு வந்தாள். போனைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இப்பதான் மயக்க ஊசி போட்டாங்க, அக்கா. கடைசியா வீட்டுக்கு ஏதாவது சொல்லணுமான்னு கேட்டேன். 'அவ எடுக்க மாட்டா. கோவமா இருக்கா. தப்பு என் மேலதான்'னாரு."

வீட்டில் எடுக்கவில்லை என்று அவரிடம் சொன்னது இவள். இவளிடம் சொன்னது நான்.

இணைப்பு அறுபடவில்லை. அந்த அம்மாவுக்கு எல்லாமே கேட்டிருக்கும்.

"அம்மா, தப்பு என்னோடது. இத்தனை நாளும் அவர் நம்பருக்கே போட்டுக்கிட்டிருந்தேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவர் காதுகிட்டப் போய்ச் சொல்லச் சொல்லுங்க," என்றாள். "நான் எடுத்துட்டேன்னு. முதல் மணியிலேயே எடுத்துட்டேன்னு."