யூஜினி கேட்ட அணி

எமில்டாவுக்கு மல்யுத்தம் பிடிக்காது. மகள் யூஜினி பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூட அணியில் சேர்ந்த நாளிலிருந்தே பிடிக்காது. முழங்கையில் சிராய்ப்பு, கழுத்தில் வீக்கம், ஒருமுறை உதடு கிழிந்து மூன்று தையல். ஆனாலும் மகள் போட்டிகளுக்குப் போவதற்கு ஒருநாளும் தடை சொன்னதில்லை. பார்க்கத்தான் போகமாட்டாள்.

யூஜினி படித்த பல்கலைக்கழகத்தின் உணவகத்தில்தான் எமில்டா பதினொரு வருடமாகக் காசாளராக இருந்தாள். டோர்செட் பார்க் அடுக்குமாடியிலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் மல்யுத்தத்துக்கு ஒரு கழகம் மட்டும் இருந்தது. வாரத்தில் இரண்டு காலை, நடன மண்டபத்தில் வகுப்பு தொடங்குமுன், விரிப்பை விரித்துப் பழகிவிட்டுச் சுருட்டி வைத்துவிட வேண்டும். பயிற்சியாளர் கிடையாது. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி வேறு பல்கலைக்கழகங்களோடு மோதவும் முடியாது. அதற்கு நிர்வாகம் ஏற்றுக்கொண்ட அணி வேண்டும்.

அந்த அணியைக் கேட்கலாம் என்று யூஜினி இறுதி வருடத்தின் தொடக்கத்தில் முடிவெடுத்தாள். இரண்டாயிரம் மாணவர்களின் கையெழுத்தைக் கொண்டுவந்தால் பரிசீலிப்போம் என்றது விளையாட்டுக் குழு. அவளும் கழகத்தில் கூடப் பழகிய திலக்சனும் உணவகத்துக்கு முன்னால் ஒரு மேசை போட்டார்கள். இரண்டு வாரத்தில் முந்நூற்று நாற்பது பேர்தான் கையெழுத்திட்டார்கள். மற்றவர்கள் காதில் இயர்போனோடு கடந்து போனார்கள்.

எமில்டா தன் இடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஒரு மாணவன் மேசையின் முன் நின்று, "ரெஸ்லிங்கா? ரீவியில கதிரையால அடிக்கிறதோ?" என்று கேட்டுக் கூட இருந்தவர்களைச் சிரிக்கவைத்தான். யூஜினி கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினாள். அவன் கேட்டுவிட்டுக் கையெழுத்திடாமலே போனான். அவள் தாளை நேராக்கி வைத்துவிட்டு அடுத்து வந்தவளைப் பார்த்து "ஹாய்" என்றாள்.

எமில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடைவேளை வந்ததும் ஏப்ரனைக் கழற்றிவிட்டு நேரே மேசைக்குப் போனாள்.

"உந்தத் தாளில கொஞ்சம் தா."

"ஏனம்மா? உங்களுக்கு உது பிடிக்காதெல்லே?"

"மல்யுத்தம் எனக்குப் பிடிக்காதுதான். உன்னைப் பாத்துச் சிரிக்கிறது அதைவிடப் பிடிக்காது."

உணவகத்துக்கு வரும் பிள்ளைகளின் முகமெல்லாம் எமில்டாவுக்குத் தெரியும். கடலை ஒத்துக்கொள்ளாதது யாருக்கு, யாருக்கு நாளைக்குப் பரீட்சை, யார் வீட்டை நினைத்து அழுதது என்பதெல்லாம் தெரியும். பத்து நிமிட இடைவேளையானாலும் தாளோடு வெளியே வந்துவிடுவாள். அவள் நீட்டினால் மறுத்துப் போக யாராலும் முடியவில்லை. சிரித்துவிட்டுப் போன அந்த மாணவனும் மூன்றாம் நாள் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்திட்டான். ஜனவரி முடிவில் இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதின்மூன்று கையெழுத்துகள் இருந்தன.

பெப்ரவரியில் குழு கூடியது. எமில்டா வேலை உடுப்போடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். யூஜினி எழுந்து இருபது நிமிடம் பேசினாள். போட்டியிடத் தயாராக இருந்த இருபத்தாறு பேரின் பட்டியலைக் கொடுத்தாள். அதில் பதினொரு பேர் பெண்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருந்தாள். தன் மகளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எமில்டாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைசியில் குழுத் தலைவர் கைகளைக் கோத்துக்கொண்டார். முயற்சி மிக நல்லது, ஆனால் விரிப்பை நிரந்தரமாக விரித்துவைக்க ஓர் இடம் வேண்டும், எல்லா மண்டபங்களும் நிரம்பியிருக்கின்றன, இடம் கிடைக்கும்போது பார்ப்போம் என்றார். யூஜினி தன் தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

எமில்டா கையை உயர்த்தினாள். மாணவர்களும் ஊழியர்களும் மட்டுமே பேசலாம் என்றாள் செயலாளர்.

"நான் ஊழியர்தான்" என்று கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினாள் எமில்டா. பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அவசரப்படாமல் சொன்னாள். கிழக்குக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பழைய சாப்பாட்டு மண்டபம் இருக்கிறது. புதிய உணவகம் திறந்ததிலிருந்து ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே உடைந்த கதிரைகள் மட்டுந்தான். அங்கே அவள் ஐந்து வருடம் வேலை செய்தவள். முந்நூறு பேர் ஒன்றாக இருந்து சாப்பிட்ட இடம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை.

பிறகு மகளைத் திரும்பிப் பார்த்துத் தமிழில் கேட்டாள். "உங்கட மெத்தை எவ்வளவு அகலம்?"

"பன்னிரண்டு மீற்றர், அம்மா."

"அப்ப ரெண்டு விரிக்கலாம்."

தலைவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். போய்ப் பார்த்தால் என்ன என்று யாரோ கேட்டார்கள். மண்டபப் பூட்டின் திறப்பு வந்தது. குழுவினர் ஏழு பேரும் எமில்டாவுக்குப் பின்னால் படியிறங்கினார்கள். தூசி படிந்த தரையில் யூஜினி சுவரிலிருந்து சுவருக்குக் காலால் அளந்தாள். திலக்சன் எண்ணினான். இரண்டு விரிப்புகள் போட்டும் சுற்றிவர இடம் மிஞ்சியது.

மூன்று வாரம் கழித்துப் பஸ்ஸில் வரும்போது யூஜினியின் கைபேசிக்குக் குழுவின் கடிதம் வந்தது. செப்டம்பரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அணி தொடங்கும். எமில்டா அவளைக் கட்டிப்பிடித்தாள். பிறகுதான் கணக்குப் பார்த்தாள்.

"செப்டம்பரோ? நீ ஜூனில முடிச்சிடுவாயே, பிள்ளை."

"ஓம்."

"உனக்கு முதலே தெரியுமோ?"

"முதல் நாளே தெரியும். ஆராவது தொடங்கத்தானே வேணும், அம்மா."

எமில்டா மகளின் கையைப் பிடித்தபடி இருந்தாள். இறங்க வேண்டிய தரிப்பிடம் தாண்டிப்போனதை இருவரும் கவனிக்கவில்லை.

நவம்பரில் அந்தக் கீழ்த்தள மண்டபத்தில் முதல் போட்டி நடந்தது. எமில்டா லீவு எடுத்துக்கொண்டு முதல் வரிசையில் இடம் பிடித்தாள். பக்கத்தில் அஜக்ஸ் நகரிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்த் தகப்பன். அவருடைய மகள் முதலாம் வருடம், அடுத்ததாக இறங்கப்போகிறாள் என்றார்.

"உங்கட பிள்ளையும் ரீமில இருக்கோ, அக்கா?"

"இல்லை, தம்பி. இந்த ரீமைக் கொண்டுவந்ததே என்ர பிள்ளைதான்" என்றாள் எமில்டா. "அங்க பாருங்கோ, மெத்தையைத் துடைச்சுக்கொண்டு நிக்கிறாள். வேலையால நேரே இஞ்ச வந்தவள்."

விசில் ஒலித்தது. அவருடைய மகள் எதிராளியின் காலைப் பற்றினாள். எமில்டா எழுந்து நின்று, பின்னால் இருந்தவர்களுக்கு மறைக்கிறது என்பதையும் மறந்து, "விடாதை, பிள்ளை! விடாதை!" என்று கத்தினாள்.